குருகும் உண்டு: வாசகர் கேள்வி – பதில்

இந்த மாதம் பெங்களூர் வாசகர்களிடமிருந்து வந்த கடிதங்களில் ஆறு, ஒருவரோடொருவர் பேசிவைத்துக்கொண்டு எழுதியவை போல, இலக்கியத்தை முறையாகப் படிப்பது வாசிப்பை என்ன செய்கிறது என்ற ஒரே விஷயத்தைச் சுற்றி அமைந்திருந்தன. ஆகவே இலக்கண ஐயங்களையும் சொற்பொருள் வினாக்களையும் அடுத்த இதழுக்குத் தள்ளிவைத்துவிட்டு, இவற்றுக்கு மட்டும் இங்கே விடை எழுதுகிறேன்.

கேள்வி: அம்மா அவர்களுக்கு வணக்கம். என் மகள் மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டே தொலைநிலைக் கல்வியில் தமிழ் எம்.ஏ. படிக்கிறாள். சென்ற மாதம் என் மகனின் திருமண அழைப்பிதழில் ‘யாயும் ஞாயும் யாரா கியரோ’ என்ற குறுந்தொகைப் பாட்டை அச்சிட்டோம். அதைப் பார்த்த மகள், “இது கல்யாணத்துக்கான பாட்டே இல்லை அப்பா, தன்னை விட்டுப் போய்விடுவானோ என்று பயந்து நிற்கும் பெண்ணுக்கு ஒருவன் சொல்கிற சமாதானம்” என்றாள். ஐந்நூறு அழைப்பிதழ்களும் அச்சாகி வந்துவிட்ட பிறகு! சம்பந்தி வீட்டாருக்குத் தெரியாமல் பார்த்துக்கொண்டோம். அவள் சொல்லும் பொருள் உண்மையிலேயே பாட்டில் இருக்கிறதா, படித்தவர்கள் ஏற்றிச் சொல்வதா? படிக்கப் படிக்க ரசனை குறைந்துவிடுமா?
(ஒரு தந்தை, ஜீவன் பீமா நகர்)

பதில்: தங்கள் கலக்கத்தை முதலில் தணித்துவிடுகிறேன். அந்தப் பாட்டை அழைப்பிதழில் அச்சிட்ட குடும்பங்கள் ஏராளம். என் அலமாரியிலேயே அப்படிப்பட்ட அழைப்பிதழ்கள் நான்கு இருக்கின்றன. அவற்றுள் ஒன்று என் அக்காள் மகனுடையது, பாட்டைத் தேர்ந்து கொடுத்தவளும் நான்தான்.

தங்கள் மகள் சொன்னது அவராகக் கற்பித்துக்கொண்டது இல்லை. குறுந்தொகையின் 40ஆம் பாட்டாகிய அதன் கீழே, பிரிந்துவிடுவாரோ என்று அஞ்சிய தலைவியின் குறிப்பு மாறியதைக் கண்டு தலைவன் கூறியது என்ற கருத்தில் பழைய துறைக்குறிப்பு ஒன்று இருக்கிறது. தமிழ் இலக்கியத்தை முறையாகப் படிப்பவருக்கு முதல் ஆண்டிலேயே படிந்துவிடும் பழக்கம், ஒரு பாட்டைக் கண்டவுடன் ‘இது யார் கூற்று, யாரிடம், எந்தச் சமயத்தில்’ என்று கேட்பது. கேட்காதவரை இந்தப் பாட்டு காதலைப் பற்றிய பொதுவான ஒரு நல்வாக்கு; கேட்ட கணத்தில், மலைச்சாரலில் நிற்கும் இருவரில் ஒருவர் மற்றவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டே பேசும் பேச்சாக அது மாறிவிடுகிறது.

ஆனால் அந்தக் குறிப்பைப் பாட்டைப் பாடிய புலவரே எழுதினார் என்று கொள்வதற்கில்லை. தொகுத்தவர்களோ பின்வந்தவர்களோ சேர்த்தது என்பதே அறிஞர் பெரும்பாலோர் கருத்து. அப்படியானால் அந்தக் குறிப்பும் ஒரு வாசிப்புத்தான், நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய வாசிப்பு. ஆகவே அதைக் கையால் மறைத்துக்கொண்டு பாட்டை மட்டும் பார்ப்போம்:

யாயும் ஞாயும் யாரா கியரோ
எந்தையும் நுந்தையும் எம்முறைக் கேளிர்
யானும் நீயும் எவ்வழி யறிதும்
செம்புலப் பெயனீர் போல
அன்புடை நெஞ்சம் தாங்கலந் தனவே.

முதல் மூன்று அடிகளும் கேள்விகள். என் தாயும் உன் தாயும் ஒருவருக்கொருவர் யார், என் தந்தையும் உன் தந்தையும் எந்த முறையில் உறவினர், நானும் நீயும் எப்படி ஒருவரை ஒருவர் அறிந்தோம் என்று அடுக்கிக்கொண்டு போய், ஒன்றுக்கும் விடை சொல்லாமல், செம்மண்ணில் பெய்த மழைநீரைக் காட்டிப் பாட்டு முடிந்துவிடுகிறது. இரு குடும்பத்தாருக்கும் எந்த உறவும் இல்லை என்பதே இதன் அடிப்படை. ஜாதகம் பார்த்து, இரு தரப்புத் தாத்தா பாட்டிமார் பெயர்களையும் வரிசையாக அச்சிட்டு, பெரியோர்கள் நிச்சயித்த வண்ணம் நடக்கும் திருமணத்தின் அழைப்பிதழில் இந்தப் பாட்டு வந்து அமர்ந்திருக்கும் வேடிக்கையைக் காண, துறைக்குறிப்பே தேவையில்லை. ‘தாம் கலந்தன’ என்பதில் உள்ள ‘தாம்’ என்ற சிறு சொல்லையும் கவனியுங்கள்; எவரும் கலந்துவைக்கவில்லை, தாமாகக் கலந்தன என்கிறது அது.

பல ஆண்டுகளுக்கு முன், இந்தப் பாட்டை வகுப்பில் நடத்தி, செம்மண்ணையும் நீரையும் இனி யாராலும் பிரிக்க முடியாது என்று நான் பெருமையாகச் சொன்னபோது, கடைசி வரிசையில் இருந்த ஒரு மாணவன் எழுந்து, “ஒரு சொம்பில் பிடித்து ராத்திரி முழுக்க வைத்தால் தெளிந்துவிடுமே, மேடம்” என்றான். வகுப்பு சிரித்தது, நானும் சிரித்தேன். அன்று மாலை ஏப்ரல் மாதக் கோடை மழை. வீடு கட்ட வானம் தோண்டிப் போட்டிருந்த ஒரு மனையின் ஓரமாக நடந்து வந்தபோது, மேட்டிலிருந்து இறங்கிய நீர் காவிக் குழம்பாக ஓடுவதையும், பள்ளத்தில் தேங்கி அசையாமல் நின்ற நீரின் மேற்பரப்பு மட்டும் மெல்ல வெளுக்கத் தொடங்கியிருப்பதையும் பார்த்தேன். அந்தப் பெண் அஞ்சுவது இதைத்தானே என்று தோன்றியது. அவன் கலப்பைக் காட்டுகிறான், அவள் தெளிவதை நினைத்துக் கலங்குகிறாள், உவமை ஒன்றுதான். துறைக்குறிப்பை எழுதிய பழந்தமிழ் வாசகர், பாட்டில் சொல்லப்படாத அவள் முகத்தை எங்கிருந்து கண்டுபிடித்தார் என்பது எனக்கு அன்றுதான் விளங்கியது. கற்பித்த எனக்குப் புலப்படாதது, சொம்பை நினைத்துக்கொண்ட மாணவனுக்குப் புலப்பட்டிருக்கிறது.

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ஐ. ஏ. ரிச்சர்ட்ஸ் என்ற ஆசிரியர், கவிஞர் பெயர்களை மறைத்துப் பதின்மூன்று கவிதைகளைத் தம் வகுப்பினருக்குக் கொடுத்து, அவர்கள் எழுதித் தந்த கருத்துகளை ஆராய்ந்து 1929இல் நூலாக வெளியிட்டார். நன்கு படித்த இளைஞர்களே நேர்ப்பொருளைக் கோட்டை விட்டிருந்ததோடு, காதல், மரணம், தாய்நாடு போன்ற சொற்களைக் கண்டவுடன் மனத்தில் ஏற்கெனவே தயாராக வைத்திருந்த உணர்ச்சியை எடுத்துக் கவிதையின் மேல் கொட்டியிருந்தார்கள் என்று அவர் காட்டினார். ‘யாயும் ஞாயும்’ விஷயத்தில் நாமெல்லாரும் செய்வது அதுதான். படிப்பு அந்தத் தயார் உணர்ச்சியைப் பறித்துக்கொள்கிறது; அதற்கு ஈடாக வேறொன்று கிடைக்கச் சில காலம் பிடிக்கும். இடைப்பட்ட அந்தக் காலத்தில் இருப்பவர்கள், தங்கள் மகளைப் போல, கல்யாண வீட்டில் சற்றுத் தொந்தரவாகத்தான் இருப்பார்கள். பொறுத்துக்கொள்ளுங்கள். அழைப்பிதழில் தவறு ஒன்றும் இல்லை.

கேள்வி: நான் பள்ளியில் கணக்கு கற்பிப்பவள். தமிழாசிரியைகளான என் தோழியர் ஒரு கொக்கைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுகிறார்கள். கவிஞர் இவ்வளவையும் நினைத்துத்தான் எழுதினாரா? இல்லாததைக் கண்டுபிடிக்கும் பயிற்சிக்குத்தான் இலக்கியக் கல்வி என்று பெயரா?
(ஒரு வாசகி, பிரேசர் டவுன்)

பதில்: தாங்கள் குறிப்பிடும் கொக்கு அநேகமாகக் கபிலர் பாடிய குறுந்தொகை 25ஆம் பாட்டின் குருகாகத்தான் இருக்கும். திருமணத்தைத் தள்ளிப்போட்டுக்கொண்டே போகிறான் காதலன். தலைவி தோழியிடம் சொல்கிறாள். அங்கே யாரும் இல்லை, அந்தக் கள்வன்தான் இருந்தான், அவனே பொய் சொன்னால் நான் என்ன செய்வேன் என்று கூறிவிட்டு, பிறகு நினைவு வந்தவளைப் போல, அவன் என்னைக் கூடிய அன்று தினைத்தாள் போன்ற சிறிய பசிய கால்களை உடைய, ஓடும் நீரில் ஆரல் மீனைப் பார்த்து நின்ற ‘குருகும் உண்டு’ என்கிறாள்.

பொருள் புரிந்த எவருக்கும் அவள் தனிமை விளங்கிவிடும். அதற்குப் படிப்பு வேண்டாம். படித்தவர் நின்றுவிடுமிடம் ‘குருகும்’ என்பதன் ஈற்றில் உள்ள ‘உம்’. யாரும் இல்லை என்று தொடங்கியவள், ஒரு பறவையைச் சாட்சிப் பட்டியலில் சேர்க்கும் அளவுக்குத் தவிக்கிறாள் என்பதை அந்த ஓர் இடைச்சொல் தாங்கி நிற்கிறது. அந்தப் பறவையும் இவர்களைப் பார்க்கவில்லை, மீனைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதாவது சாட்சி இருந்தும் இல்லை. இன்னும் ஒரு படி போனால், இயற்கைக் காட்சிக்குள் மறைபொருளை வைப்பதைத் தொல்காப்பியம் உள்ளுறை, இறைச்சி என்று பேசும் மரபில் பயின்றவருக்கு, ஆரலின் மேல் மட்டும் கண்வைத்து அசையாமல் நிற்கும் குருகு அந்தக் ‘கள்வ’னின் சாயலைக் காட்டத் தொடங்கும். அல்சூர் ஏரிக்கரையில் காலை நடை போகிறவர்கள் குருட்டுக்கொக்கைப் பார்த்திருப்பார்கள். நாம் நாலடி தூரத்தில் போனாலும் மீன் மேல் கண் பதிந்துவிட்டால் அது கழுத்தைக்கூடத் திருப்பாது, மங்கிய பச்சை நிறக் கால்கள் நாணல் தட்டையோடு தட்டையாக நிற்கும்.

கபிலர் இவ்வளவையும் நினைத்தாரா என்பதற்கு என் விடை, அவர் நினைத்தது நமக்கு எட்டாது, அவர் வைத்துவிட்டுப் போன சொற்கள் எட்டும் என்பதே. மீனைப் பார்க்கும் குருகு என்று சொல்லாமல் வெறுமனே குருகு என்று விட்டிருந்தால் மேற்சொன்ன இரண்டாம், மூன்றாம் பொருள்களுக்கு இடமே இல்லை. ஒரு விளக்கத்தைக் கேட்கும்போது, ‘எந்தச் சொல்லை எடுத்துவிட்டால் இந்த விளக்கம் விழும்’ என்று கேட்டுப் பாருங்கள். விடை வந்தால் விளக்கம் பாட்டில் நிற்கிறது. வராவிட்டால் விளக்குபவரின் தலையில் மட்டும் நிற்கிறது. கணக்காசிரியையான தங்களுக்கு இந்தச் சோதனை பழக்கமானதுதான்.

தங்கள் சந்தேகத்திலும் நியாயம் உண்டு. அமெரிக்காவில் பஃபலோ நகரப் பல்கலைக்கழகத்தில் 1971ஆம் ஆண்டுக் கோடையில் ஸ்டான்லி ஃபிஷ் என்ற பேராசிரியர், ஒரு வகுப்புக்காகக் கரும்பலகையில் எழுதியிருந்த மொழியியலாளர் பெயர்களை அழிக்காமல் விட்டு, அடுத்து வந்த சமயக் கவிதை வகுப்பு மாணவர்களிடம் அதை ஒரு பக்திக் கவிதை என்று சொன்னார். அவர்கள் தயங்கவே இல்லை. ஜேக்கப்ஸ் என்ற பெயரில் விவிலியத்து யாக்கோபின் ஏணியையும், தார்ன் என்ற பெயரில் முள்முடியையும் கண்டு விளக்கம் கூறினார்கள். ஃபிஷ் இதிலிருந்து, பொருள் பனுவலில் கிடப்பதில்லை, வாசகச் சமூகத்தின் பயிற்சியே அதை உண்டாக்குகிறது என்று முடிவு கட்டினார். நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். அந்த மாணவர்கள் பயின்றிருந்த முறை நன்றாகவே வேலை செய்திருக்கிறது. எதிரில் இருப்பது கவிதைதானா என்று நிமிர்ந்து பார்க்கும் பயிற்சிதான் கிடைத்திருக்கவில்லை. நம் கல்லூரிகளிலும் எந்தப் பாட்டைக் கொடுத்தாலும் அதில் வரும் பறவை, மரம் முதலிய கருப்பொருள்களைப் பட்டியலிட்டு உள்ளுறை எழுதிவிடும் விடைத்தாள்களை ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கில் திருத்தியிருக்கிறேன். மதிப்பெண்ணும் போட்டிருக்கிறேன், வேறு வழியில்லாமல்.

கேள்வி: எஸ்.எஸ்.எல்.சி.யோடு படிப்பை நிறுத்திப் பொதுத்துறைத் தொழிற்சாலையில் கடைசல் இயந்திரம் இயக்குபவராக இருந்து ஓய்வு பெற்றவன். நாற்பது ஆண்டுகளாகக் கதை, நாவல் படித்துவருகிறேன். பட்டம் பெற்றவர்களோடு பேசும்போது என் வாசிப்பு தப்போ என்று கூச்சமாக இருக்கிறது, அம்மா.
(ஒரு வாசகர், அல்சூர்)

பதில்: தாங்கள் வாழும் மண்ணிலேயே இதற்கு ஒரு பழைய வாக்கு இருக்கிறது, ஐயா. கன்னடத்தில் இன்று கிடைக்கும் நூல்களில் மிகப் பழையதாகக் கருதப்படும், ஒன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்த ‘கவிராஜமார்க்கம்’, இந்நாட்டு மக்களை ‘குரிதோததெயும் காவ்யப்ரயோக பரிணதமதிகள்’ என்று புகழ்கிறது. ‘குறித்து ஓதாமலேயே’ கவிதையின் பயன்பாட்டில் தேர்ந்த மதி உடையவர்கள் என்பது பொருள்; தமிழ்க் காதுக்கு அந்த முதற்சொல் தானாகவே விளங்கும்.

அதே சமயம், தாய்மொழியும் ஆர்வமும் மட்டும் போதும் என்று சொல்லித் தங்களை ஏமாற்றவும் எனக்கு மனமில்லை. மைசூரில் 1929இல் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த, சங்கப் பாடல்களை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த கவிஞர் ஏ. கே. ராமானுஜன், சங்கப் பாடல்களைக் கண்டெடுத்தது 1962இல் சிகாகோ பல்கலைக்கழக நூலகத்தின் அடித்தளத்தில். அவற்றுக்குள் நுழைய அவருக்கும் இலக்கணமும் உரையும் தேவைப்பட்டன. அவருக்கு முன்பே, உ. வே. சாமிநாதையர் கதை இருக்கிறது. 1880இல் கும்பகோணத்தில் சேலம் இராமசாமி முதலியாரைச் சந்தித்தபோது, தாம் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்ட அந்தாதி, பிள்ளைத்தமிழ், புராணங்களையெல்லாம் அவர் ஒப்புவித்தார். முதலியாரோ அசையாமல், சமணக் காப்பியமாகிய சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்டார். படித்ததில்லை. ஏட்டைக் கையில் எடுத்த பிறகும், சைவச் சூழலில் வளர்ந்த அப்பெரும்புலவருக்குச் சமணச் சொற்கள் வழிமறித்து நின்றன. அவர் கும்பகோணத்துச் சமணர் வீடுகளுக்கே சென்று, நாள்தோறும் அந்நூலைப் படிக்கும் இல்லறத்தாரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார். 1887இல் வெளிவந்த பதிப்பில் பட்டமில்லாத அந்த வாசகர்களின் பங்கும் இருக்கிறது.

ஆகவே கூச்சம் வேண்டாம். கடைசல் இயந்திரத்தின் முன் நின்றவர் கண்ணுக்கு, தொழிற்சாலையைப் பற்றிய நாவலில் எழுத்தாளர் எங்கே பார்த்து எழுதுகிறார், எங்கே கேள்விப்பட்டு எழுதுகிறார் என்பது ஒரே வாக்கியத்தில் தெரிந்துவிடும். அது எங்களில் பலருக்குத் தெரியாது. தாங்கள் புதிதாகச் சேர்த்துக்கொள்ளத் தக்கது ஒன்றே ஒன்று என்று சொல்வேன்: கதையை யார் சொல்கிறார் என்று பார்த்து, அவரை எந்த அளவுக்கு நம்பலாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். தங்களுக்குப் பிடித்த பழைய நாவலை அந்தக் கேள்வியோடு மறுபடி எடுத்துப் படித்துவிட்டு எழுதுங்கள்.

கேள்வி: எங்கள் வகுப்பில் ‘தெய்வம் தொழாஅள்’ குறளை வைத்துப் பெரிய சண்டை. பரிமேலழகர் உரை பெண்ணடிமை பேசுகிறது, ‘வேண்டும்போது பெய்யும் மழையைப் போன்றவள்’ என்பதே சரியான பொருள் என்கிறேன் நான். ஆசிரியர் ஒப்புக்கொள்ளவில்லை. தாங்கள் யார் பக்கம்?
(ஒரு மாணவி, மல்லேஸ்வரம்)

பதில்: தங்கள் ஆசிரியர் பக்கம், ஆனால் தங்கள் கோபத்தின் பக்கமும்.

‘பெய்யெனப் பெய்யும் மழை’ என்ற அடியில், அவள் சொன்னால் பெய்யும் என்பதா, அவளே அத்தகைய மழை என்பதா என்று உறுதி செய்யும் சொல் இல்லை. அதனால் இருபதாம் நூற்றாண்டில் எழுந்த உவமைப் பொருளுக்கு இலக்கணம் கதவை முற்றாக அடைத்துவிடவில்லை. ஆனால் இந்தக் குறளுக்கு நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய வாசிப்பு பரிமேலழகருடையது அன்று, அவருக்குப் பல நூற்றாண்டுகள் முந்திய மணிமேகலையுடையது. சிறைசெய் காதையில், தன் கற்பில் குறை நேர்ந்ததோ என்று கலங்கி முறையிடும் மருதியிடம் பூதம் இதே குறளை எடுத்துச் சொல்லி, ‘பெருமழை’ என்று ஒரு சொல்லையும் கூட்டி, ‘பொய்யில் புலவன் பொருளுரை’ என்கிறது. அங்கே மழை உவமையாக வரவில்லை. பெண்ணின் சொல்லுக்குப் பெய்யும் மழையாகவே வருகிறது. தங்கள் பொருளை ஏற்றாலும் ‘தெய்வம் தொழாஅள் கொழுநன் தொழுதெழுவாள்’ என்ற முதலடி அப்படியேதான் நிற்கும். இரண்டாம் அடியை மென்மையாக்கி முதலடியிலிருந்து தப்ப முடியாது. குறள் சொல்வது இதுதான் என்று ஒப்புக்கொண்டு, அதை நான் ஏற்கவில்லை என்று எழுதுங்கள். வள்ளுவரைத் திருத்தி நமக்கு உடன்பட வைப்பதைவிட அதுவே அவருக்கு நாம் செய்யும் மரியாதை என்பது என் கருத்து.

கேள்வி: இலக்கியம் படித்தால் பிறர் மனத்தை நன்கு புரிந்துகொள்ளலாம் என்று விஞ்ஞானிகள் நிரூபித்துவிட்டார்களாமே?
(ஒரு வாசகர், கோரமங்களா)

பதில்: 2013இல் ‘சயன்ஸ்’ இதழில் அப்படி ஓர் ஆய்வு வெளிவந்து பெரும் பேச்சாயிற்று. 2016இல் வேறு ஆய்வாளர்கள் அதைத் திரும்பச் செய்து பார்த்தபோது அந்த விளைவு கிட்டவில்லை. நிரூபணம் என்ற சொல்லை இப்போதைக்கு ஒதுக்கிவைப்போம்.

கேள்வி: படித்ததனால் தாங்கள் இழந்த பாட்டு ஏதாவது உண்டா, அம்மா?
(ஒரு வாசகி, ஸ்ரீராமபுரம்)

பதில்: உண்டு. தங்கள் பகுதியிலேயே, மில் தொழிலாளர் குடியிருப்பின் ஒற்றை அறை வீட்டில், என் தாயார் என் தம்பியைத் தொட்டிலிலிட்டுப் பாடிய தாலாட்டு. ‘ஆரடிச்சு நீ அழுதே’ என்று கேட்டு, மாமன் அடிச்சாரோ மல்லிகைப்பூச் செண்டாலே, அத்தை அடிச்சாளோ அரளிப்பூச் செண்டாலே என்று போகும். எம்.ஏ. வகுப்பில் நாட்டுப்புறவியல் பாடத்தில் அதையே வாய்பாடு (திரும்பத் திரும்ப வரும் தொடர் அமைப்பு) என்றும், உறவுமுறை அடுக்கு என்றும், தாய்வழி உறவின் முதன்மை என்றும் பகுத்துப் படித்தேன். அதன்பின் சில ஆண்டுகள் எங்கே தாலாட்டுக் கேட்டாலும் அடுத்து எந்த உறவு வரும், எந்தப் பூ வரும் என்று எண்ணிக்கொண்டுதான் இருந்தேன். பாட்டு காதில் விழவே இல்லை.

பிறகு ஒரு நாள், அந்த அடுக்கில் முதலில் வரும் மாமன் என்பவர் தாயின் உடன்பிறந்தான் என்ற பாடப்புத்தகச் செய்தியே வேறு விதமாக வந்து தாக்கியது. என் தாயார் திருமணமாகித் திருப்பத்தூர்ப் பக்கத்திலிருந்து பெங்களூருக்கு வந்தவர். மாமன்மார் மூவரும் ஊரிலேயே இருந்தார்கள். ஆண்டுக்கு ஒரு முறை பொங்கல் சீரோடு வந்தால் உண்டு. அந்த ஒற்றை அறையில் பூச்செண்டால் அடிக்க ஒரு மாமனும் இருந்ததில்லை. குழந்தைக்குப் பாடுவதாகச் சொல்லிக்கொண்டு அவர் யாரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார் என்பதை அவர் இறந்து பதினோரு ஆண்டுகள் கழித்துப் புரிந்துகொண்டேன்.

இப்போது அந்தப் பாட்டை என் பேத்திக்குப் பாடுகிறேன். என் மகள் ஒற்றைப் பெண். பேத்திக்கு மாமன் கிடையாது. அந்த அடியில் யாரைப் போடுவதென்று இரண்டு மூன்று முறை மாற்றிப் பார்த்தேன், எதுவும் ஒட்டவில்லை. மல்லிகைப்பூச் செண்டோடு மாமனே வந்துகொண்டிருக்கிறார்.